கூஸ்கோ: நாலு சாலைகள் கிளம்பின ஊர்

மச்சு பிச்சு போறவங்க பெரும்பாலும் முதல்ல தங்குற ஊர் கூஸ்கோ. பெரு நாட்டுல, கடல் மட்டத்துக்கு மேல சுமார் 3,400 மீட்டர். வேடிக்கை என்னன்னா, மச்சு பிச்சு இதைவிடக் கிட்டத்தட்ட 1,000 மீட்டர் கீழே இருக்கு. மூச்சு வாங்குறது, தலைவலி எல்லாம் கூஸ்கோவுலதான். அதனால பலரும் ஒரு நாள் படுத்து எழுந்து, பையைத் தூக்கிட்டுக் கிளம்பிடுறாங்க.

ஆனா இது வெறும் பஸ் ஸ்டாண்ட் இல்லைங்க, இன்கா பேரரசின் தலைநகர். பேரரசின் நாலு பகுதிகளுக்கும் போன சாலைகள் இந்த ஊர்ச் சதுக்கத்துலதான் தொடங்கின.

இங்கே கொரிகாஞ்சான்னு ஒரு சூரியன் கோயில். சுவர்ல தங்கத் தகடு பதிச்சிருந்தாங்க. சிறைபிடிச்ச மன்னர் அதாஹுவால்பாவை விடுவிக்க மீட்புத்தொகைன்னு 1533-ல் ஸ்பானியர்கள் அதை உரிச்சாங்க. தங்கத்தையும் வாங்கிக்கிட்டு அவரையும் கொன்னாங்க. பிறகு அந்தச் சுவர்கள் மேலயே சாந்தோ தொமிங்கோ மடத்தைக் கட்டினாங்க.

1950 மே 21, நிலநடுக்கம். மடம் பலமா சேதமாச்சு. சாந்து பூசாம கல்லோட கல்லைப் பொருத்தி, உள்பக்கமா லேசா சாய்ச்சுக் கட்டின இன்கா சுவர்கள் அப்படியே நின்னுச்சு.

உடம்பு உயரத்துக்குப் பழக எப்படியும் ஒரு நாள் வேணும். அந்த நாள்ல மெதுவா நடந்து, அந்தச் சுவர் பக்கத்துல போய் நில்லுங்க.