மாத்திரையிலிருந்து வகுப்பறைவரை: கொலோன் வட்டாரத்தில் உடல்நலத் தேவையுடைய குழந்தைகளின் கல்வி

கொலோனுக்கு மேற்கே, ஆகன் நகரை அடுத்த ஸ்டோல்பெர்க்கில் இயங்கிய கிரூனென்டால் நிறுவனம், 1957 அக்டோபரில் கொன்டெர்கான் எனும் உறக்க மாத்திரையை விற்பனைக்குக் கொணர்ந்தது. கருவுற்ற பெண்களும் அதனை உட்கொண்டனர். அதிலடங்கிய தாலிடோமைடு கருவைச் சிதைக்கிறது என ஹம்பர்க் மருத்துவர் விடுகிண்ட் லென்ட்ஸ் எச்சரித்தபின், 1961 நவம்பரில் அது திரும்பப் பெறப்பட்டது. அதற்குள் மேற்கு ஜெர்மனியில் ஏறத்தாழ 5000 குழந்தைகள் கைகால் குறுகியும் உள்ளுறுப்புகள் பழுதுற்றும் பிறந்திருந்தனர். பலர் மழலைப் பருவத்திலேயே இறந்தனர்.

இந்நிகழ்வு பெரும்பாலும் மருந்தியல் வரலாறாகவும் வழக்கு வரலாறாகவுமே எழுதப்படுகிறது. பள்ளி வரலாற்றில் அதற்குரிய இடம் இன்னும் பெரிது. 1938ஆம் ஆண்டுக் கட்டாயக் கல்விச் சட்டம், கல்வி பெற இயலாதோர் என மதிப்பிடப்பட்ட குழந்தைகளைப் பள்ளிக்கு வெளியே நிறுத்தியது. அதன் நிழல் போருக்குப் பின்னும் நீங்கவில்லை. 1960களின் நடுவில் கொன்டெர்கான் குழந்தைகள் பள்ளி வயதை எட்டியபோது அம்மதிப்பீடு தடுமாறியது. அவர்களுட் பெரும்பாலோரின் அறிவுத்திறனில் குறையில்லை. தடையாயிருந்தவை படிக்கட்டு, கழிப்பறை, மேலங்கிப் பொத்தான், எழுதுகோல் ஆகியவையே.

இதற்கு அரசு கண்ட விடை தனிப்பள்ளி. கொலோனைத் தலைமையிடமாகக் கொண்ட ரைன்லாந்து மாநில மன்றம் உடலியக்கக் குறையுடையோர்க்கான பள்ளிகளை இன்றும் நடத்துகிறது. இயன்முறை மருத்துவம், செவிலியர் கவனிப்பு, ஊர்தி அனைத்தும் அங்கு ஓரிடத்திற் கிடைத்தன; தெருத்தோழர்கள் மட்டும் கிடைக்கவில்லை. இயன்றவரை ஒரே வகுப்பிற் கற்பிக்குமாறு ஜெர்மன் கல்விப் பேரவை 1973இலேயே பரிந்துரைத்தும் மாற்றம் மெல்லவே வந்தது.

பெயர்கள் சற்று முன்னே சென்றன. 1964இல் 'கவலைக்குரிய குழந்தை' எனும் பொருளிற் பெயரிடப்பட்ட நிதி இயக்கம், 2000இல் அச்சொல்லை நீக்கி 'மனிதர்' என்பதை ஏற்றது. 'ஊனமுற்றோர்' என்பது 'மாற்றுத்திறனாளி' ஆன தமிழ்நாட்டு வழக்கு இங்கு ஒப்புநோக்கத்தக்கது.

ஐ.நா. உடன்படிக்கை 2009இல் ஜெர்மனியில் நடைமுறைக்கு வந்தது. 2014 கல்வியாண்டிலிருந்து நார்த்ரைன்-வெஸ்ட்ஃபாலியா மாநிலம் பொதுப்பள்ளி உரிமையைப் படிப்படியாக வழங்கியது. கொலோனிற் பெற்றோர் 2006இலேயே இதற்கென அமைப்பு கண்டிருந்தனர். ஆயினும் முதல் வகுப்பில் நீரிழிவுடைய குழந்தைக்குச் சர்க்கரை அளந்து இன்சுலின் செலுத்துபவர் யார் என்ற வினா எஞ்சுகிறது. ஆசிரியர் பொதுவாக அதற்குக் கடப்பாடுடையவர் அல்லர். அவர் இசைந்தால் பெற்றோருடன் எழுத்துவழி உடன்பாடு செய்துகொள்ளப்படுகிறது. பள்ளித்துணையாளர் வேண்டுமெனில் தனியே விண்ணப்பிக்க வேண்டும். 1980களில் ஏதிலியராக வந்து அம்மாநிலத்திற் குடியேறிய ஈழத்தமிழ்க் குடும்பங்கள் அவ்விண்ணப்பத்தையும் மருத்துவ அறிக்கையையும் அலுவல்மொழியான ஜெர்மனிலேயே அளிக்க வேண்டியிருந்தது.