வைத்தியர் ஏன் எல்லை கடக்கின்றனர்?

ரப்பர் மரங்கள் நின்ற நிலத்தில் 1973 முதல் அடுக்குமாடி நகரமாக எழுந்தது ஆங் மோ கியோ. இன்று அங்கும் சிங்கப்பூரின் பிற பகுதிகளிலும் நோயாளியின் நாடி பார்ப்போருள் மலேசியாவிலும் இந்தியாவிலும் கற்றவர் பலர். அக்கரைத் தோட்டத்து மக்களோ, "வைத்தியம் கற்றவன் பொருளாசையால் நம்மைக் கைவிட்டான்" என்று குறை கூறுகின்றனர். இக்குற்றச்சாட்டு நியாயமானதா? சரித்திரத்தைச் சிறிது ஆராய்வோமாக.

தமிழர் நடுவே இவ்வினா முதன்முதல் எழுந்த இடங்களுள் ஒன்று யாழ்ப்பாணம். 1847-ல் அங்கு வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் எனும் அமெரிக்க வைத்தியர், மறு ஆண்டே மானிப்பாயில் மேனாட்டு வைத்தியம் கற்பிக்கலானார். முதலில் போதனை ஆங்கிலத்தில் நடந்தது. ஆங்கிலத்தில் கற்றவர் சர்க்கார் உத்தியோகத்தையும் வெளியூர்ச் சம்பளத்தையும் நாடினர். கிராமத்து நோயாளியின் நிலை மாறவில்லை. ஆகவே 1864 முதல் கிறீன் தமிழிலேயே கற்பிக்கத் துணிந்தார். உடற்கூறு, இரண வைத்தியம், பிரசவ வைத்தியம் ஆகியவை பற்றிய நூல்கள் தமிழில் வெளிவந்தன. தமிழில் கற்றவன் தமிழ் ஊரிலேயே தங்குவான் என்பது அவர் கருத்து.

அம்முயற்சி ஏன் நிலைக்கவில்லை? 1870-ல் கொழும்பில் சர்க்கார் வைத்தியக் கலாசாலை ஆங்கிலத்தில் திறக்கப்பட்டது. 1873-ல் கிறீன் தாயகம் திரும்பினார். பட்டமும் பதவியும் ஆங்கிலத்தின் பக்கம் நின்றமையால் தமிழ் வைத்தியக் கல்வி தேய்ந்தது. பின்னர் மலாயாவில் இருப்புப்பாதையும் ரப்பர்த் தோட்டமும் பெருகவே, ஆங்கிலம் கற்ற யாழ்ப்பாணத்தார் கிராணிகளாகவும் டிரஸர்களாகவும் கப்பலேறினர். அவர்களைத் துரத்தியது பேராசையன்று. ஊரில் கற்ற கல்விக்கேற்ற வேலையின்மையே.

சிங்கப்பூரின் கதையும் இதற்குத் துணை நிற்கிறது. தான் ஜியாக் கிம் முதலியோர் 87,000 வெள்ளிக்கு மேல் திரட்டிக் கொடுக்க, 1905-ல் இங்கு வைத்தியக் கலாசாலை தோன்றியது. 1916-ல் அதன் பட்டத்தைப் பிரிட்டிஷ் வைத்தியக் கௌன்சில் அங்கீகரித்தது. அங்ஙனமிருந்தும் ஆசிய வைத்தியர் ஐரோப்பியருக்குக் கீழ்ப்பட்ட பதவிகளிலேயே வைக்கப்பட்டனர். பட்டம் தந்து மதிப்பைத் தர மறுத்தால், கற்றவன் மனம் எங்ஙனம் நிலைகொள்ளும்?

இதே தவறு நம் காலத்திலும் தொடர்கிறது. மலேசியாவில் 2016 டிசம்பர் முதல் புதிய வைத்தியர்கள் நிரந்தர உத்தியோகமின்றி ஒப்பந்தத்தில் அமர்த்தப்பட்டனர். மேற்படிப்புக்கும் பதவி உயர்வுக்கும் வழி குறுகிற்று. 2021 ஜூலை 26-ல், கொள்ளைநோய்க் காலத்திலேயே, அவர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். பாலத்திற்கு இப்பாலோ, மலாயாப் பல்கலைக்கழகப் பட்டம் செல்லுபடியாகிறது; ஒரு வெள்ளிக்கு ஏறத்தாழ மூன்று ரிங்கிட் கிடைக்கிறது. இந்நிலையில் போகிறவனை மட்டும் பழிப்பது பகுத்தறிவாகுமா?

ஆயினும் மறுபுறம் ஓர் உண்மையுண்டு. ஒரு வைத்தியனை உருவாக்க ஏழை நாடு செலவிடுகிறது. பயனைச் செல்வ நாடு அடைகிறது. இதனாலேயே 2010-ல் உலகச் சுகாதார ஸ்தாபனம் வைத்திய ஊழியரைச் சேர்ப்பதற்கு நெறிமுறை வகுத்தது. அது கட்டாயச் சட்டமன்று. நாடுகளின் மனச்சாட்சிக்கு விடுத்த வேண்டுகோளே.

கால்நடையைக் கட்டுவதுபோல் வைத்தியனைக் கட்டிவைத்தல் இயலாது. நிரந்தரப் பதவி, மேற்படிப்பு, மரியாதை இம்மூன்றையும் சொந்த நாடு தரட்டும். பெறும் நாடு, பயிற்றுவித்த நாட்டின் கல்விச் செலவில் பங்கேற்கட்டும். தோட்டத்து லயத்தில் காய்ச்சலோடு கிடக்கும் குழந்தைக்கு நமது வசைமொழி மருந்தாகாது. வைத்தியன் தங்குதற்குரிய நிலைமையைக் கேட்டுப் பெறுவதே மருந்தாகும்.