பெரிய எழுத்து இல்லாத மொழியும் கணினியும்

உரோமன் எழுத்தில் பெரியது, சிறியது என இருவகை உண்டு. தமிழில் அப்பாகுபாடு இல்லை. ஆதலின், எழுத்தைப் பெரிதாக்கும் கணினிக் கட்டளை தமிழைத் தீண்டாது என நாம் கருதக்கூடும். தமிழ்க் கணிமையின் வரலாறோ வேறு கூறுகிறது.

மலேசியரான முத்து நெடுமாறன் முரசு மென்பொருளை உருவாக்கியது 1985இல். அக்காலக் கணினியில் தமிழுக்கெனப் பொதுவான குறியெண் இல்லை. எனவே எழுத்துரு வடிவமைத்தோர் பலர் ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களிலேயே தமிழ் வடிவங்களைப் பொருத்தினர். ஈழத்திலும் புலம்பெயர்ந்தோரிடையிலும் பரவிய பாமினி எழுத்துருவில் சிறிய ‘எம்’ அகரம், பெரிய ‘எம்’ ஆகாரம். சிறிய ‘யு’ ரகரம், பெரிய ‘யு’ ரு. சிறிய ‘ஆர்’ சகரம், பெரிய ‘ஆர்’ சு. திரையில் நாம் காண்பது ‘அரசு’. கணினி அறிந்தது மூன்று ஆங்கில எழுத்துகளையே. அவற்றைச் சிறியனவாக்கினால் ‘அரச’ ஆகும். பெரியனவாக்கினால் ‘ஆருசு’ ஆகும். வாக்கியத்தின் முதலெழுத்தைத் தானே பெரிதாக்கும் மென்பொருளில் ‘ஆரசு’ எனத் திரியும்.

உரோமன் எழுத்தில் தமிழ் எழுதியபோதும் இதே இடர் நேர்ந்தது. சிறிய ‘எல்’ லகரத்தையும் பெரிய ‘எல்’ ளகரத்தையும் குறித்த முறையில், எல்லாவற்றையும் சிறியனவாக்கினால் பள்ளி பல்லியாகிவிடும்.

பின்னர் வந்த தகுதர (திஸ்கி) முறை ஆங்கிலத்தை அதன் இடத்திலேயே விட்டு, தமிழை மேற்பாதியின் 128 இடங்களில் அமைத்தது. அங்கும் முழுக் காப்பு இல்லை. அவ்விடங்களை ஐரோப்பிய எழுத்துகளாகக் கொண்ட நிரல், அவற்றிலும் பெரிது சிறிது கண்டு மாற்றியது.

1991இல் வெளிவந்த ஒருங்குறி தமிழுக்குத் தனி இடம் அளித்தது. அதில் ஒவ்வோர் எழுத்தின் இயல்பும் பதியப்பட்டுள்ளது. தமிழெழுத்துக்குப் பெரிய இணையும் இல்லை, சிறிய இணையும் இல்லை. ஆகவே கட்டளை அதனை உள்ளவாறே திருப்பித் தருகிறது. இருவகை எழுத்துடைய மொழிகளுக்கோ சிக்கல் நீங்கவில்லை. துருக்கியில் புள்ளியுள்ள ‘ஐ’யும் புள்ளியில்லாத ‘ஐ’யும் வெவ்வேறு எழுத்துகள், செருமானிய ‘எஸ்செட்’ பெரிதாகுங்கால் இரண்டெழுத்தாக விரிகிறது.

இவ்வரலாறு பேராக்கிற்கு நெருக்கமானது. இரப்பர்த் தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் இடம் விட்டபின், தோட்டத்து மக்கள் ஈப்போ முதலிய நகரங்களுக்குப் பெயர்ந்தனர். தோட்டப் பள்ளி ஆண்டு மலர், ஆலயத் திருவிழா மலர் போன்றவை பழைய எழுத்துருக் கோப்புகளாக எஞ்சியிருப்பின், அவற்றை முதலில் ஒருங்குறிக்கு மாற்றுதல் வேண்டும். தேடலும் வரிசைப்படுத்தலும் அதன் பின்னரே. முறை பிறழின் பெயர்கள் சிதையும். தோட்டமே மறைந்த இடத்தில், சிதைந்த பெயரைத் திருத்திச் சொல்ல எவர் இருப்பார்?