விசையுந்துப் பின்னோக்கு ஆடி

விசையுந்துப் பின்னோக்கு ஆடி என்பது மோட்டார் சைக்கிள், ஸ்கூட்டர் ஆகியவற்றின் ஓட்டுநர் தலையைத் திருப்பாமல் பின்னால் வரும் வண்டிகளைக் காண உதவும் கருவி ஆகும். பேச்சு வழக்கில் இது சைடு மிர்ரர் அல்லது கண்ணாடி எனப்படும். தொழிற்சாலையில் பொருத்தப்பட்ட ஆடியை நீக்கிவிட்டு வேறொன்றை வாங்கிப் பொருத்தும் வழக்கம் தமிழ்நாட்டில் பரவலாக உள்ளது. அழகுக்காக ஆடியையே கழற்றிவிடுவோரும் உள்ளனர்.

ஒளியியல்

இவ்வாடிகளில் பெரும்பாலானவை குவி ஆடிகள். சமதள ஆடியைவிட இவை பரந்த பரப்பைக் காட்டும்; ஆனால் பிம்பம் சிறிதாகத் தெரியும். எடுத்துக்காட்டாக, வளைவு ஆரம் 1,200 மி.மீ. உள்ள ஆடியின் குவியத் தொலைவு 600 மி.மீ. ஆகும். கண்ணுக்கும் ஆடிக்கும் இடையே 60 செ.மீ. இருந்தால், 10 மீட்டர் பின்னால் வரும் பேருந்து ஏறத்தாழ 20 மீட்டர் பின்னால் வருவது போல் தோன்றும். வளைவு ஆரம் குறையக் குறைய இம்மயக்கம் கூடும். மலிவான சிறு வட்ட ஆடிகளின் முதன்மைக் குறை இதுவே.

வத்திராயிருப்பு, கான்சாபுரம் போன்ற ஊர்களிலிருந்து வந்து திருமங்கலம் - கொல்லம் தேசிய நெடுஞ்சாலையில் (எண் 744) சேரும் ஓட்டுநருக்கு இது வெறும் பாடநூல் கணக்கு அன்று. இந்தியாவில் வண்டிகள் இடப்பக்கம் செல்வதால், முந்தும் வண்டி வலப்பக்கத்தில் வரும். வலப்புறம் திரும்புமுன் வலது ஆடியைப் பார்ப்பதோடு, தோளுக்கு மேலாக ஒருமுறை திரும்பிப் பார்ப்பதும் தேவை. எந்த ஆடியிலும் தென்படாத பகுதி ஒன்று எப்போதும் இருக்கும்.

தேர்ந்தெடுத்தல்

ஐக்கிய நாடுகளின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையத்தின் 81ஆம் விதி, ஆடியின் பரப்பு 69 சதுர செ.மீ.க்குக் குறையக்கூடாது என்கிறது. வட்ட ஆடியாயின் விட்டம் குறைந்தது 94 மி.மீ. இருத்தல் வேண்டும். வளைவு ஆரம் 1,000 முதல் 1,500 மி.மீ. வரை. கைப்பிடி முனையில் பொருத்தும் 3 அங்குல ஆடியின் பரப்பு 46 சதுர செ.மீ.கூட இல்லை. இவ்விதிக்கு உட்பட்ட ஆடியில் வட்டத்துள் 'ஈ' என்னும் ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் பொறிக்கப்பட்டிருக்கும். இந்தியாவில் ஆடியின் தரத்திற்கு ஏ.ஐ.எஸ். 001, பொருத்தும் முறைக்கு ஏ.ஐ.எஸ். 002 என்னும் நெறிகள் உள்ளன.

அடுத்துக் கவனிக்க வேண்டியது மரை. பல விசையுந்துகளில் இது 10 மி.மீ. அளவுடையது, சில ஸ்கூட்டர்களில் 8 மி.மீ. யமஹா வண்டிகள் பலவற்றில் வலது ஆடிக்கு மட்டும் எதிர்த்திசை மரை இருக்கும். ஆடி எதன்மீதாவது இடித்தால் முறியாமல் சுழன்று கொடுப்பதற்காக இவ்வமைப்பு. இதை அறியாமல் வழக்கமான திசையில் முறுக்கினால் மரை கெடும்.

ஒற்றை உருளைப் பொறி கொண்ட வண்டிகளில் அதிர்வு மிகுதி. நீண்ட மெல்லிய தண்டுடைய ஆடி குறிப்பிட்ட வேகத்தில் கலங்கித் தெரியும். தண்டைக் குறுக்கினால் அதிர்வு குறையலாம். ஆனால் ஓட்டுநரின் முழங்கையே ஆடியை நிறைத்துவிடும். கைப்பிடி முனை ஆடிகள் இவ்விடரைத் தவிர்க்கின்றன. எனினும் வண்டியின் அகலம் கூடுவதால் நெரிசலில் இடிபடும். வலது முனையில் முடுக்கிப் பிடி தடையின்றிச் சுழன்று தானே திரும்புகிறதா எனச் சோதித்தல் இன்றியமையாதது.

வரலாறு

டோரத்தி லெவிட் என்னும் ஆங்கிலேய ஓட்டுநர் 1909இல் வெளியிட்ட நூலில், பின்னால் பார்க்கக் கைக்கண்ணாடி ஒன்றை வைத்துக்கொள்ளுமாறு பெண்களுக்கு அறிவுறுத்தினார். 1911 இண்டியானாபோலிசு 500 பந்தயத்தில் ரே ஹரூன் தம் மகிழுந்தில் ஆடி பொருத்தி ஓட்டி வென்றார்.

சட்டம்

மோட்டார் வாகனச் சட்டத்தில் தனித் தண்டம் குறிப்பிடப்படாத மீறல்களுக்குரியது 177ஆம் பிரிவு. 2019 திருத்தத்தின்படி இதில் முதல் முறைக்கான தண்டம் 100 ரூபாயிலிருந்து 500 ரூபாயாக உயர்த்தப்பட்டது.