உரோம பிரித்தானியாவில் மித்ரா வழிபாடு

உரோம பிரித்தானியாவில் மித்ரா வழிபாடு என்பது, உரோமப் பேரரசின் வடமேற்கு எல்லை மாகாணமாக விளங்கிய பிரித்தானியாவில் கி.பி. 2ஆம் நூற்றாண்டு முதல் 4ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை நிலவிய மறைபொருள் வழிபாட்டைக் குறிக்கும். இவ்வழிபாட்டினர் தம் சமயம் குறித்து எழுதிய நூல் எதுவும் கிடைக்கவில்லை. எனவே இதனைப் பற்றிய அறிவு பெரும்பாலும் கோயில் இடிபாடுகள், பலிபீடங்கள், சிற்பங்கள் ஆகியவற்றையே சார்ந்துள்ளது.

பின்னணி

மித்ரா என்னும் பெயர் பண்டைய ஈரானியக் கடவுளின் பெயராகும். இருக்கு வேதத்தில் கூறப்படும் மித்திரனின் பெயரும் இதனுடன் ஒரே மூலத்தைக் கொண்டது. எனினும் உரோமப் பேரரசில் பரவிய வழிபாடு ஈரானிய வழிபாட்டின் நேரடித் தொடர்ச்சியா என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. உரோம வழிபாட்டில் ஆண்கள் மட்டுமே சேர்க்கப்பட்டனர் எனக் கருதப்படுகிறது. உறுப்பினர் ஏழு படிநிலைகளில் உயர்ந்தனர் என்பது இத்தாலியில் கிடைத்த சான்றுகளால் அறியப்படுகிறது.

இவ்வழிபாட்டின் கோயில் மித்ரேயம் எனப்படும். இது குகையைப் போன்று இருண்டும் சிறியதாகவும் அமைந்திருக்கும். நடுவில் ஒரு நடைவழியும், இருபுறமும் சமய விருந்தின்போது சாய்ந்திருப்பதற்கான திண்ணைகளும், கோடியில் மித்ரா காளையைக் கொல்லும் சிற்பமும் காணப்படும்.

முக்கிய தொல்லியற் களங்கள்

கராபரோ: ஹாட்ரியன் சுவரை அடுத்துள்ள இக்கோட்டையின் உரோமப் பெயர் புரோகொலிசியா. இங்குள்ள கோயில் 1949 ஆம் ஆண்டின் வறண்ட கோடையில் வெளிப்பட்டது. 1950 இல் இயன் ரிச்மண்ட், ஜே. பி. கில்லம் ஆகியோர் அதனை அகழ்ந்தனர். ஈர நிலமாதலால் திண்ணைகளின் முகப்பாக இருந்த மிலாறுத் தட்டிகள்கூட அழியாதிருந்தன. பதாவியர் முதலாம் படையணியின் தளபதிகள் மூவர் நிறுவிய பலிபீடங்கள் இங்கு கிடைத்தன. இவற்றுள் ஒன்றில் கடவுளின் தலையைச் சூழ்ந்த கதிர்கள் துளையிடப்பட்டுள்ளன. பின்னால் விளக்கை வைத்தால், இருளில் அக்கதிர்கள் ஒளிரும்.

ஹவுஸ்டெட்ஸ்: 1822 இல் கண்டறியப்பட்ட இக்கோயிலில், இராசி மண்டலம் சூழ மித்ரா பிறப்பதைக் காட்டும் சிற்பம் கிடைத்தது. இங்குள்ள ஒரு பலிபீடம், நூற்றுவர் தலைவன் ஒருவன் தனக்காகவும் தன் மகனுக்காகவும் நேர்ந்துகொண்டு நிறுவியது. அதில் அவ்வாண்டின் கான்சல்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டிருப்பதால் அது கி.பி. 252 ஐச் சேர்ந்தது எனத் துல்லியமாகக் கூற முடிகிறது.

இலண்டன்: வால்புரூக் ஓடையின் கரையில் இருந்த இக்கோயில் கி.பி. 240 அளவில் கட்டப்பட்டது. 1954 இல் டபிள்யூ. எஃப். கிரைம்ஸ் நடத்திய அகழ்வாய்வில் மித்ராவின் பளிங்குத் தலை கிடைத்தது. மினர்வா, செராபிஸ் முதலிய பிற கடவுளரின் சிற்பங்களும் இங்கு இருந்தன. இடிபாடுகள் 1962 இல் வேறிடத்தில் மீளமைக்கப்பட்டன. பின்னர் மூல இடத்தருகே மீண்டும் அமைக்கப்பட்டு 2017 இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டன.

பிற இடங்கள்: ஹாட்ரியன் சுவரிலுள்ள ரட்செஸ்டரிலும் வேல்சிலுள்ள கார்னர்வனிலும் கோயில்கள் அகழப்பட்டுள்ளன. இசுக்கொட்லாந்தின் இன்வெரெஸ்க்கில் 2010 இல் இரு பலிபீடங்கள் கிடைத்தன. அக்கோட்டையில் 2ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே படை தங்கியிருந்ததால், இவை இம்மாகாணத்தின் மிகப் பழைய மித்ரா சான்றுகளுள் அடங்கும்.

வழிபட்டோர்

இலண்டன் கோயிலைத் தவிர, மேற்கூறிய இடங்கள் அனைத்தும் படைக் கோட்டைகளை அடுத்தவை. இலண்டனிலும், 1889 இல் வால்புரூக்கில் கிடைத்த காளை வதைச் சிற்பத்தை அளித்தவர் இரண்டாம் அகஸ்தா படைப்பிரிவின் ஓய்வுபெற்ற வீரரான உல்பியஸ் சில்வானஸ் ஆவார். பலிபீடங்களை நிறுவியோர் பெரும்பாலும் தளபதிகளும் நூற்றுவர் தலைவர்களுமே. ஆயினும் கல்லில் எழுதுவிக்கப் பொருள் வேண்டும். ஆகவே கல்வெட்டுகளில் பெயர் இல்லாமையைக் கொண்டு சாதாரண வீரர்கள் இவ்வழிபாட்டில் இல்லை என்று முடிவு செய்ய இயலாது.

மறைவு

இக்கோயில்கள் ஒரே விதமாக முடிவுறவில்லை. கராபரோவில் 4ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காளை வதைச் சிற்பம் உடைத்து அகற்றப்பட்டது. தீவட்டி ஏந்திய துணைக் கடவுளரின் சிலைகளும் சிதைக்கப்பட்டன. ஆனால் பலிபீடங்கள் நின்ற இடத்திலேயே விடப்பட்டன. இலண்டனில் சிற்பங்கள் தரையின் கீழ்ப் புதைக்கப்பட்டு, கட்டிடம் தொடர்ந்து பயன்பட்டது. அது பின்னர் பாக்கஸ் வழிபாட்டுக்குரியதாயிற்று எனக் கருதப்படுகிறது.

கராபரோவின் அழிவைக் கிறித்தவர்களின் செயலாகப் பலர் கொள்கின்றனர். மித்ரா வழிபாட்டின் விருந்துச் சடங்கு தம் சமயச் சடங்கைப் போலியாகப் பின்பற்றுவது எனத் தெர்த்துல்லியன் போன்ற கிறித்தவ எழுத்தாளர்கள் கண்டித்திருந்தனர். கோயிலுக்கு அருகிலேயே இருந்த கொவென்டினா என்னும் நீர்த் தெய்வத்தின் கிணற்றில் 4ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை நாணயங்கள் இடப்பட்டு வந்தமை, தாக்குதல் மித்ராவையே குறிவைத்தது என்னும் கருத்துக்கு வலுவூட்டுகிறது. மறுபுறம், படைத்தலைவர்களின் ஆதரவை நம்பியிருந்த சிறு குழுக்கள் படையணிகள் மாறியபோது தாமாகவே நலிந்தன என்ற கருத்தும் உள்ளது. உடைக்கப்பட்ட கல், அது உடைக்கப்பட்டது என்பதைக் காட்டும்; உடைத்தவரின் சமயத்தைக் காட்டாது. எனவே ஒவ்வொரு களத்தின் முடிவையும் அங்குள்ள சான்றுகளைக் கொண்டே தனித்தனியாக ஆராய்வது இன்றியமையாதது.

இவற்றையும் பார்க்கவும்

ஹாட்ரியன் சுவர்
உரோம பிரித்தானியா
மித்திரன்