பழைய சூரிய மின்தகடுகளைக் கொண்டு சிறிய மின்னேற்ற அமைப்பு: அறிய வேண்டியவை

நாட்டின் சூரிய மின் உற்பத்தித் திறன் 2025 ஜனவரியில் 100 ஜிகாவாட்டைக் கடந்தது. அதற்கேற்பக் கழற்றப்படும் பழைய மின்தகடுகளும் பெருகி வருகின்றன. 2030-க்குள் நாட்டில் சேரும் சூரிய மின்தகட்டுக் கழிவு 6 லட்சம் டன்னை எட்டக்கூடும் என்று எரிசக்தி, சுற்றுச்சூழல் மற்றும் நீர்வளக் குழுவின் 2024 ஆய்வு மதிப்பிட்டுள்ளது.

கழற்றப்பட்ட தகடுகள் அனைத்தும் பயனற்றவை அல்ல. பொதுவாக ஒரு தகட்டின் திறன் ஆண்டுக்கு ஒரு சதவீதத்திற்கும் குறைவாகவே தேய்கிறது. எனவே பத்தாண்டு உழைத்த 100 வாட் தகடு, பழுதின்றி இருந்தால், 90 வாட் அளவுக்கு மின்சாரம் தரக்கூடும். பழுதுண்டா என்பதை அளந்து பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

தேர்வு செய்யும் முறை

கண்ணாடி உடைந்தவை, பின்புறத் தாள் உரிந்தவை, கருகிய புள்ளிகள் கொண்டவை ஆகிய தகடுகளைத் தவிர்க்க வேண்டும். தெளிந்த நண்பகலில் தகட்டைச் சூரியனுக்கு நேராக வைத்து, மல்டிமீட்டரால் திறந்த சுற்று மின்னழுத்தத்தையும் குறுக்குச் சுற்று மின்னோட்டத்தையும் அளந்து, பின்புற விவரச்சீட்டுடன் ஒப்பிட வேண்டும். மின்னழுத்தம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தால், சந்திப்புப் பெட்டியில் உள்ள டையோடு பழுதாகியிருக்கலாம்.

வெளிச்சம் படும் வரை தகட்டில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். அதை நிறுத்த விசை கிடையாது. ஆகவே இணைப்பு வேலையின்போது தகட்டைக் கெட்டியான துணியால் மூடுவது அவசியம்.

இணைக்கும் முறை

தகடு, மின்னேற்றக் கட்டுப்பாட்டுக் கருவி, பேட்டரி ஆகிய மூன்றும் முக்கிய உறுப்புகள். 36 செல்கள் கொண்ட தகடு 12 வோல்ட் பேட்டரிக்குப் பொருந்தும். வீட்டு மாடிகளில் இருந்து கழற்றப்படுபவை பெரும்பாலும் 60 செல்கள் கொண்டவை. அவற்றின் மின்னழுத்தம் 38 வோல்ட் வரை இருக்கும். விலை குறைந்த பி.டபிள்யூ.எம். வகைக் கருவியுடன் இணைத்தால் அவற்றின் ஆற்றலில் பாதிக்கு மேல் வீணாகும். எம்.பி.பி.டி. வகைக் கருவியே அவற்றுக்கு ஏற்றது.

முதலில் பேட்டரியையும், பின்னரே தகட்டையும் கட்டுப்பாட்டுக் கருவியுடன் இணைக்க வேண்டும். பேட்டரியின் நேர்முனையை ஒட்டி ஃபியூஸ் இருத்தல் கட்டாயம். ஈய அமில பேட்டரியைக் காற்றோட்டமான இடத்தில் வைத்து, அதன் கொள்ளளவில் பாதியை மட்டும் பயன்படுத்தினால் நீடித்து உழைக்கும்.

தில்லியில் எவ்வளவு கிடைக்கும்?

தில்லியில் தெற்கு நோக்கி ஏறத்தாழ 28 பாகைச் சாய்வில் தகட்டை வைப்பது ஏற்றது. 80 வாட் தரும் பழைய தகடு, நாளொன்றுக்கு ஐந்து மணி நேர முழு வெயில் என்ற கணக்கில், இழப்புகள் போக சுமார் 280 வாட்-மணி தரும். ஒன்பது வாட் எல்.இ.டி. விளக்கு ஒன்றை ஆறு மணி நேரம் எரிக்கவும், நான்கைந்து கைபேசிகளுக்கு மின்னேற்றவும் இது தாராளமாகப் போதும். குளிர்காலப் பனிமூட்டத்தாலும் படியும் தூசியாலும் இந்த அளவு கணிசமாகக் குறையும்.

அரசு ஊழியர் குடியிருப்புகள் நிறைந்ததும், தில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளி ஒன்று அமைந்துள்ளதுமான மோதி பாக் போன்ற பகுதிகளில், மொட்டைமாடி வீடு ஒதுக்கீடு பெற்றவருக்கு உரியதன்று. அங்கு எதையும் நிறுவும் முன் பராமரிப்புத் துறையின் அனுமதி பெற வேண்டும். வெயில் படும் பால்கனியில் ஒற்றைத் தகடு வைப்பவர்களும் அதைக் காற்றில் பெயராதவாறு உறுதியாகப் பொருத்த வேண்டும். இத்தகைய அமைப்பை வீட்டு மின்கம்பிகளுடன் ஒருபோதும் இணைக்கக் கூடாது.

பயன் முடிந்த பின்

2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள் சூரிய மின்தகடுகளுக்கும் பொருந்தும். பல தகடுகளின் பற்றவைப்பில் ஈயம் உள்ளது. எனவே உடைந்த தகட்டைக் குப்பையில் வீசாமலும், தெருவோரத்தில் பிரித்தெடுக்க விடாமலும், பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் ஒப்படைக்க வேண்டும். பழைய தகட்டை மீண்டும் பயன்படுத்துவோர் அதன் இறுதிப் பொறுப்பையும் ஏற்கும்போதுதான் இந்தச் சிக்கனம் சுற்றுச்சூழலுக்கும் நன்மையாக அமையும்.