நாட்டுடைமை

நாடும் உடைமையும் புணர்ந்த சொல். ‘உடை’ என்ற அடியிலிருந்தே உடைமையும் உடையவனும். பேருந்தை நாட்டுடைமையாக்கினால் அரசுக்குப் போகும். பாட்டை நாட்டுடைமையாக்கினால் ஊருக்கே வரும். வேடிக்கைதான். இந்தியாவில் பாரதி பாடல்கள் 1949இல் அரசிடம் சென்று அப்படித்தான் பொதுவாயின.

இலங்கையின் 2003ஆம் ஆண்டுப் புலமைச் சொத்துச் சட்டமோ, ஆக்கியவர் இறந்து 70 ஆண்டுவரை காக்கிறது. பாரதி மறைந்தது 1921. ஆகவே மாத்தளை முத்துமாரியம்மன் மாசிமகத் தேர் வீடியோவில் பாரதி பாட்டைச் சொந்த மெட்டில் பாடிச் சேர்க்கலாம். திரைப்படத்தில் கேட்ட மெட்டும் ஒலிப்பதிவும் வேறு ஆளின் சொத்து; அனுமதியின்றித் தொடாதீர்கள். தோட்டத்துக் காமன் கூத்துப் பாட்டு யாருடையதுமல்ல என்பார்கள். ஆனால் அதே சட்டத்தின் 24ஆம் பிரிவு நாட்டார் கலைகளையும் வணிகப் பயன்பாட்டிலிருந்து காக்கிறது.